எடையற்ற உடலும் சொல்லக் கூசிய செய்திகளும்

நம் சங்க மலரைக் கையில் எடுக்கும் அன்பர்கள் கல்வெட்டு, கோயிற்கலை, இலக்கியம், புலம்பெயர்ந்த தமிழர் வரலாறு போன்ற கட்டுரைகளை எதிர்பார்ப்பது இயல்பு. இவ்வாண்டு மலர்க்குழு நண்பர்கள் என்னிடம், "அறிவியல் வரலாறா ஏதாவது எழுதிக் கொடுங்களேன், பிள்ளைங்களும் படிப்பாங்க" என்று கேட்டார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் கொஞ்சம் கூச்சமானது: எடையில்லாத வெளியில் மனிதன் எப்படிச் சாப்பிடுகிறான், தூங்குகிறான், வியர்க்கிறான், குளிக்கிறான், இயற்கை உபாதைகளை எப்படித் தீர்த்துக்கொள்கிறான் என்பதன் வரலாறு.

ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகளிடம் விண்வெளியைப் பற்றிப் பேசினால் முதல் கேள்வி ராக்கெட்டின் வேகம் பற்றி வராது. "தாத்தா, அங்க பாத்ரூம் எப்படிப் போவாங்க?" என்பதுதான் வரும். பெற்றோர் "சீ, சும்மா இரு" என்பார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை காணத்தான் வல்லரசுகள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரும் பொருள் செலவழித்து வருகின்றன.

நம் சித்த மருத்துவத்தில் 'பதினான்கு வேகங்கள்' என்று ஒரு பட்டியல் உண்டு. சிறுநீர், மலம், வாயு, தும்மல், இருமல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம், வாந்தி, கண்ணீர் என்று நீளும் அந்தப் பட்டியலில் உள்ளவற்றை அடக்கக் கூடாது, அடக்கினால் நோய் வரும் என்பது நம் முன்னோர் கொள்கை. விண்வெளிப் பயண வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு இந்தப் பட்டியல்தான் நினைவுக்கு வந்தது. அங்கே இவற்றில் பெரும்பாலானவை சிக்கலாகின்றன. அந்தச் சிக்கலை வெளியே சொல்ல மனிதன் பட்ட வெட்கம் அதைவிடப் பெரிய கதை.

எடையின்மை என்றால் என்ன?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். விண்வெளியில் புவியீர்ப்பே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பன்னாட்டு விண்வெளி நிலையம் தரையிலிருந்து சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அங்கே புவியீர்ப்பு தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 விழுக்காடு இருக்கிறது. பிறகு ஏன் மிதக்கிறார்கள்? நிலையமும் அதனுள் இருப்பவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள். மணிக்கு சுமார் 28,000 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் செல்வதால், விழ விழப் பூமியின் வளைவும் விலகிக்கொண்டே போகிறது. கயிறு அறுந்த லிஃப்டுக்குள் நிற்பவனுக்குக் கால் தரையில் அழுந்தாதல்லவா, அந்த நிலைதான் நாள் முழுவதும்.

இதன் விளைவு என்ன? நம் உடலில் எது மேல், எது கீழ் என்று தீர்மானிக்கும் ஏற்பாடுகள் எல்லாம் குழம்பிப் போகின்றன. காலில் தங்கவேண்டிய இரத்தமும் நீரும் மார்புக்கும் தலைக்கும் ஏறுகின்றன. முகம் ஊதி, கால் மெலிகிறது. 'உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது' என்று உடல் தவறாகக் கணக்கிட்டுத் தாகத்தைக் குறைத்துக்கொள்கிறது. தண்டுவடத்தின் மூட்டுகள் தளர்ந்து ஆள் ஐந்து செ.மீ. வரை உயரமாகிவிடுவதும் உண்டு. உட்காதில் சமநிலையை உணர்த்தும் சுண்ணாம்புத் துகள்கள் அழுத்தமின்றி மிதப்பதால் தலை சுற்றுகிறது. வயிற்றில் காற்றும் உணவும் பிரிந்து நிற்பதில்லை. ஏப்பம் விட்டால் காற்றோடு சோறும் வரும்! நம் வீட்டு விருந்தில் ஏப்பம் விட்டால் பாராட்டு, அங்கே விட்டால் ஆபத்து.

முதல் வீரர்கள்

1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் 108 நிமிடங்களில் பயணத்தை முடித்துத் திரும்பினார். அவர் வானில் உணவை விழுங்கிக் காட்டியதே அன்று ஒரு சாதனை. ஈர்ப்பு இல்லாவிட்டால் தொண்டையில் உணவு இறங்குமா என்று மருத்துவர்கள் ஐயப்பட்ட காலம் அது. உணவுக் குழாயின் தசைகள் தாமே பிசைந்து தள்ளுகின்றன, எடை அதற்குத் தேவையில்லை என்பது உறுதியாயிற்று. தலைகீழாக நின்று தண்ணீர் குடிக்கிற பையனைப் பார்த்தாலே தெரியுமே என்பீர்கள். உண்மைதான், ஆனால் மருத்துவர்களுக்கு நேரில் பார்த்தால்தான் நிம்மதி.

அடுத்து மே 5 அன்று அமெரிக்காவின் ஆலன் ஷெப்பர்ட். பயணமே பதினைந்து நிமிடம்தான் என்பதால் கழிவுக்கு எந்த ஏற்பாடும் செய்யவில்லை. ஆனால் ஏவுவதில் தாமதமாகி, நான்கு மணி நேரத்துக்கும் மேலாகக் கலத்துக்குள்ளேயே மல்லாந்து கிடந்தார். அடக்க முடியாத நிலையில் கட்டுப்பாட்டு அறையிடம் அனுமதி கேட்டார். உடலில் ஒட்டியிருந்த மின் உணர்விகள் கெட்டுவிடுமே என்று அவர்கள் யோசித்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சம்மதித்தார்கள். அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர் நனைந்த உடையோடுதான் வானேறினார். இந்த ஷெப்பர்டின் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வருவார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ரஷ்யாவின் கெர்மன் தீத்தோவ் ஒரு நாள் முழுவதும் பறந்து 17 முறை பூமியைச் சுற்றினார். வயது 25. விண்வெளியில் முதன்முதலில் உறங்கியவர் அவர். முதன்முதலில் குமட்டலும் தலைசுற்றலும் அனுபவித்தவரும் அவரே. அதை ஒளிக்காமல் சொன்னார். வீரனுக்கு இது பெருமை சேர்க்கும் செய்தி அல்ல. ஆனாலும் அவர் சொன்னதால்தான் 'விண்வெளிக் குமட்டல்' என்றொரு நோய் இருப்பதே மருத்துவ உலகுக்குத் தெரிந்தது. இன்று கணக்குப் பார்த்தால் விண்வெளி செல்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு முதல் இரண்டு மூன்று நாள் இந்தத் தொல்லை உண்டு.

1962 பிப்ரவரியில் ஜான் கிளென் சென்றபோது, கண்விழியின் வடிவம் மாறிப் பார்வை கெடுமோ என்ற அச்சத்தில் கலத்துக்குள் ஒரு சிறிய எழுத்து அட்டை ஒட்டி அனுப்பினார்கள். ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பயணத்தில் பார்வை கெடவில்லை. அவர் உடையில் இருந்த சிறுநீர்ப் பையில் சுமார் 800 மி.லி. சேர்ந்திருந்தது. சாதாரணமாக அதில் பாதி சேர்ந்தாலே நமக்கு அவசரம் வந்துவிடும். தரையில் சிறுநீர் தன் எடையால் பையின் அடிப்பகுதியை அழுத்துவதால் உணர்வு தோன்றுகிறது. எடையற்ற நிலையில் அது சுவரோடு ஒட்டிப் பரவி நிற்கும். பை நிறையும் வரை செய்தி வராது. அதனால்தான் இன்றும் வீரர்களுக்கு, 'தோன்றும்போது போகாதீர்கள், மணி பார்த்துப் போங்கள்' என்று பயிற்சி தரப்படுகிறது.

பைகளின் காலம்

1965 டிசம்பரில் ஜெமினி 7 கலத்தில் ஃபிராங்க் போர்மனும் ஜேம்ஸ் லவலும் பதினான்கு நாள் இருந்தார்கள். ஒரு சிறிய காரின் முன்னிருக்கை அளவு இடம். எழுந்து நிற்க முடியாது, தனியறை கிடையாது. மலம் கழிக்கப் பசை தடவிய விளிம்புள்ள பிளாஸ்டிக் பைதான். அப்போலோ காலத்திலும் அதே பை. உடலோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். எதுவும் தானாகக் கீழே விழாது என்பதால், விரலால் பிரித்துவிட வேண்டும். பிறகு கிருமிநாசினியைப் பைக்குள் போட்டு, வாயு உண்டாகி வெடிக்காதபடி கையால் பிசைய வேண்டும். இந்த வேலைக்கு முக்கால் மணி நேரம் வரை ஆகும். 1969 மே மாதம் அப்போலோ 10 கலத்தில் அப்படித் தப்பிய ஒரு துண்டு அறைக்குள் மிதந்து வந்து, மூன்று வீரர்களும் 'என்னுடையது இல்லை' என்று வாதிட்டது பதிவேட்டிலேயே இருக்கிறது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் பகுதி இது. நிலவில் இறங்கியவர்கள் விட்டுவந்த கழிவுப் பைகள் இன்றும் அங்கேயே கிடக்கின்றன.

சிரிப்புக்கு அப்பால் இதில் ஒரு வேதனையும் உண்டு. பைக்குப் பயந்து பல வீரர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், குறைவாகக் குடித்தார்கள். 1970 ஏப்ரலில் அப்போலோ 13 விபத்துக்குள்ளானபோது மின்சாரமும் நீரும் பற்றாக்குறை. சிறுநீரை வெளியே பீய்ச்சினால் கலத்தின் பாதை சற்றே மாறிவிடலாம் என்று அதுவும் நிறுத்தப்பட்டது. சேர்த்து வைக்க இடமில்லை, குளிர் வேறு. மூவரும் தண்ணீர் குடிப்பதையே வெகுவாகக் குறைத்துக்கொண்டார்கள். ஃபிரெட் ஹெய்சுக்குச் சிறுநீர்ப் பாதையில் தொற்று உண்டாகி, காய்ச்சலோடு நடுங்கிக்கொண்டே பூமிக்கு வந்து சேர்ந்தார்.

இதைப் படித்தபோது எனக்கு என் தகப்பனார் நினைவுதான். ஊரிலிருந்து பெங்களூருக்கு எங்களோடு இருக்க வந்தவர், இடுப்பெலும்பு முறிந்து நான்கு மாதம் படுக்கையில் இருந்தார். மருமகளை 'பேன்' எடுக்கச் சொல்ல வெட்கம். "எனக்குத் தாகமே இல்லம்மா" என்று சொல்லி டம்ளரைத் தள்ளிவிடுவார். மூன்றாவது வாரம் சிறுநீர்த் தொற்று, கடுங்காய்ச்சல். மருத்துவர் வந்து விசாரித்த பிறகுதான் அவர் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருந்தது எங்களுக்குத் தெரிந்தது. நிலவுக்குப் போனவரும் நாலு சுவருக்குள் படுத்திருந்தவரும் ஒரே வழியில் ஒரே நோயை அடைந்தார்கள். முன்னவருக்கு வேறு வழியில்லை. பின்னவருக்கு வழி இருந்தது, வெட்கம் தடுத்தது.

மறைத்துவைத்த பை

வீரர்கள் வெட்கத்தைவிடப் பயந்தது ஒன்று உண்டு. 'உடம்பு சரியில்லை' என்று சொன்னால் அடுத்த பயணத்தில் இடம் கிடைக்காது. 1968 டிசம்பரில் அப்போலோ 8 கலத்தில் போர்மனுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தபோது, முதலில் தரைக்குச் சொல்லவே அவர் விரும்பவில்லை. பிறகு ஒலிநாடாவில் பதிவு செய்து அனுப்பினார்கள். 1969 மார்ச்சில் அப்போலோ 9 வீரர் ரஸ்டி ஷ்வைக்கார்ட் வாந்தியெடுத்ததால் விண்நடைத் திட்டமே மாற்றி அமைக்கப்பட்டது. விண்நடை உடைக்குள் வாந்தி எடுத்தால் மூச்சடைத்து உயிரே போகலாம். அவர் தம் நோயை மறைக்காமல், திரும்பி வந்தபின் குமட்டல் பற்றிய ஆய்வுகளுக்குத் தம்மையே ஒப்புக்கொடுத்தார்.

1973 நவம்பரில் ஸ்கைலேப் நிலையத்துக்குச் சென்ற மூன்றாவது குழுவில் வில்லியம் போக் முதல் நாளே வாந்தியெடுத்தார். தரைக்குச் சொல்ல வேண்டாம், பையை மறைத்துவிடலாம் என்று மூவரும் பேசிக்கொண்டார்கள். ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டார்கள்! பேச்சு முழுவதும் தரைக்கு வந்து சேர்ந்தது. வீரர் பிரிவின் தலைவர் வானொலியில் அவர்களைக் கண்டித்தார். அந்தத் தலைவர் யார் தெரியுமா? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நனைந்த உடையோடு வானேறிய அதே ஆலன் ஷெப்பர்ட்தான். உடம்பு சொல்வதைக் கேட்டுக்கொண்டு, வாய்விட்டுக் கேட்டு அனுமதி பெற்றவருக்கு, மறைப்பவரைக் கண்டிக்கும் தகுதி இருந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

ஸ்கைலேப் என்றதும் 1979 ஜூலையில் அது நம் தலைமேல் விழப்போகிறதென்று ஊரெல்லாம் பயந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கடைசியில் அதன் துண்டுகள் இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவிலும் விழுந்தன. ஆனால் மருத்துவ வரலாற்றில் அதன் பெருமை வேறு. காற்றால் உறிஞ்சி இழுக்கும் முறையான கழிப்பறை, மடக்கி விரிக்கும் குளியல் கூண்டு இரண்டும் அமெரிக்கருக்கு அதில்தான் வாய்த்தன. நீர் உடலிலேயே பாகு போல ஒட்டி நிற்பதால், ஒரு குளியலை முடித்து நீரை உறிஞ்சி எடுக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பின்னாளில் அந்த முயற்சியையே விட்டு ஈரத் துண்டுக்கு மாறிவிட்டார்கள். 28, 59, 84 நாள் என்று மூன்று குழுக்களின் உணவு, சிறுநீர், மலம் அனைத்தும் அளக்கப்பட்டன, மாதிரிகள் பூமிக்கு வந்தன. அதிலிருந்துதான் எலும்பின் சுண்ணாம்புச் சத்து நாள்தோறும் சிறுநீரில் கரைந்து போவது ஐயமறத் தெரிந்தது.

பெண்கள் வந்தபோது

1963இல் வாலென்டினா தெரெஷ்கோவா ஏறத்தாழ மூன்று நாள் விண்வெளியில் இருந்தார். அமெரிக்காவின் முதல் பெண் சாலி ரைடு 1983 ஜூனில்தான் சென்றார். அவருடைய ஒரு வாரப் பயணத்துக்கு மாதவிடாய்க்கான டாம்பான் நூறு வைத்தால் போதுமா என்று பொறியாளர்கள் கேட்டதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். படித்த ஆண்கள், கெட்டிக்காரர்கள், நல்லெண்ணம் உள்ளவர்கள், ஆனால் வீட்டில் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை! எடையில்லா வெளியில் மாதவிடாய் இரத்தம் பின்னோக்கி ஓடும் என்றும் அஞ்சினார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை, பூமியில் போலவே இருந்தது.

பெண்கள் வருகையால் ஒரு நன்மையும் விளைந்தது. ஆண்களுக்கான உறைகுழாய் ஏற்பாடு பெண்களுக்குப் பொருந்தாததால், உறிஞ்சும் உள்ளாடை உருவாக்கப்பட்டது. ஒழுகும் உறையைவிட இது நல்லது என்று கண்டுகொண்ட ஆண்களும் நாளடைவில் அதற்கே மாறினார்கள். ஏவும்போதும் இறங்கும்போதும் விண்நடையின்போதும் இன்று எல்லோருக்கும் அதுதான்.

1981 முதல் 2011 வரை பறந்த ஷட்டில் கலங்களின் கழிப்பறைத் துளை பத்து செ.மீ. அகலம்தான். சரியாக அமர்வதற்கே தரையில் கேமரா வைத்த பயிற்சிக் கழிப்பறை இருந்தது. 1985இல் அமெரிக்க மேலவை உறுப்பினர் ஜேக் கார்ன் ஷட்டிலில் சென்று கடுமையாகக் குமட்டிப் போனார். அதன்பின் 'கார்ன்' என்பதையே குமட்டலின் அளவாக வைத்து வீரர்கள் வேடிக்கை பேசினார்கள். மறைத்த நோய் கேலிக்கு வந்ததே ஒரு முன்னேற்றம்தான்.

எலும்பும் நீரும்

நடக்காத காலும் சுமக்காத முதுகும் 'இனி நமக்கு வேலையில்லை' என்று எண்ணிவிடுகின்றன. 1970இல் 18 நாள் பறந்து திரும்பிய ரஷ்யாவின் நிக்கலாயெவும் செவஸ்தியானவும் எழுந்து நிற்கவே முடியாமல் தூக்கிச் செல்லப்பட்டார்கள். அதன்பிறகே கடுமையான உடற்பயிற்சி கட்டாயமாயிற்று. விளைவைப் பாருங்கள்: 1994 ஜனவரி முதல் 1995 மார்ச் வரை மீர் நிலையத்தில் 437 நாள் இருந்த மருத்துவர் வலேரி பல்யகோவ், இறங்கியதும் கலத்திலிருந்து நாற்காலி வரை தாமே நடந்தார். மனிதன் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்ததும் காலூன்ற முடியும் என்று காட்டவே அப்படிச் செய்தார்.

உரிய பயிற்சி இல்லாவிட்டால் இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை விழுக்காடு குறைகிறது. பன்னாட்டு நிலையத்தில் இருப்பவர்கள் இதற்காக நாள்தோறும் இரண்டு மணி நேரத்தைப் பயிற்சிக்கு ஒதுக்குகிறார்கள். குஜராத்தி வேர்கொண்ட சுனிதா வில்லியம்ஸ் 2007 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானை நிலையத்தின் ஓடுபொறியிலேயே வார்களால் கட்டிக்கொண்டு ஓடி முடித்தார்.

கரைந்த எலும்பு எங்கே போகிறது? இங்கே ஒரு விந்தையான செய்தி. 2008 நவம்பரில் சிறுநீரைக் குடிநீராக்கும் இயந்திரம் நிலையத்துக்குச் சென்றது. 2009 மே மாதம் வீரர்கள் அந்த நீரை முதன்முறையாகக் குடித்து மகிழ்ந்தார்கள். ஆனால் அதே ஆண்டில் இயந்திரம் அடைத்துக்கொண்டது. காரணம், வீரர்களின் சிறுநீரில் எதிர்பார்த்ததைவிடச் சுண்ணாம்புச் சத்து அதிகம். அது சிறுநீரைப் பதப்படுத்தும் கந்தக அமிலத்தோடு சேர்ந்து படிவாகிவிட்டது. அதாவது, கரைந்த எலும்பே இயந்திரத்தை அடைத்தது! பின்னர் அமிலத்தை மாற்றிச் சரிசெய்தார்கள். 2023இல் நிலையத்தின் நீரில் 98 விழுக்காட்டை மீட்கும் அளவுக்கு முன்னேறியாயிற்று. காவிரிக்கும் லாரித் தண்ணீருக்கும் காத்துக் கிடக்கும் நம் பெங்களூரில் இதைச் சொல்லும்போது எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

கண்ணின் கதையும் இப்படித்தான். கிளென் காலத்து அச்சத்தை எல்லோரும் மறந்திருந்தார்கள். 2009இல் ஆறு மாதம் நிலையத்தில் இருந்த மைக்கேல் பாராட், ராபர்ட் தேர்ஸ்க் என்ற இரு மருத்துவ வீரர்கள் தங்கள் கிட்டப் பார்வை மங்குவதைக் கவனித்து, ஒருவர் கண்ணை ஒருவர் சோதித்துத் தரைக்குச் சொன்னார்கள். 2011இல் ஏழு வீரர்களின் கண் மாற்றங்கள் மருத்துவ இதழில் வெளியாயின. விழியின் பின்புறம் சற்றுத் தட்டையாவதும் பார்வை நரம்பின் முனை வீங்குவதும் அதில் பதிவாயிற்று. 2020இல் இன்னொரு செய்தி வெளிவந்தது. ஒரு வீரரின் கழுத்து நரம்பில் இரத்தக் கட்டி இருப்பது ஓர் ஆய்வின்போது தற்செயலாகத் தெரிந்து, தரையிலிருந்த மருத்துவர் சொல்லச் சொல்ல விண்வெளியிலேயே சிகிச்சை நடந்தது. அவர் யார், எந்த ஆண்டு என்ற விவரம் இல்லை. நோயாளியின் பெயரை மறைத்தார்கள், நோயை மறைக்கவில்லை. அறுபது ஆண்டுப் பயணத்தில் மனிதன் கற்ற பெரிய பாடம் இதுதான் என்பேன்.

உணவும் உறக்கமும்

முகத்தில் நீர் ஏறி மூக்கடைப்பதால் ஜலதோஷக்காரனைப் போல நாக்குக்குச் சுவை தெரிவதில்லை. ஆகவே காரத்துக்கு அங்கே மதிப்பு அதிகம். நம் ஆவக்காய் ஊறுகாய் போனால் தனி வரவேற்பு இருக்கும்! உப்பும் மிளகும் தூளாக இருந்தால் கண்ணிலும் கருவியிலும் புகுந்துவிடும் என்பதால் திரவமாகத்தான் தருகிறார்கள். ரொட்டித் துணுக்குகளுக்கும் அதே தடை. 1965 மார்ச்சில் ஜான் யங் ரகசியமாக ஒரு சாண்ட்விச் கொண்டுபோய் அமெரிக்க நாடாளுமன்றம் வரை சர்ச்சையானது. 1985இல் மெக்சிகோ வீரர் ரொடால்ஃபோ நேரி வேலா தம் நாட்டு 'டார்ட்டியா'வைக் கேட்டு வாங்கிப் போனார். நம் சப்பாத்தியின் ஒன்றுவிட்ட தம்பி அது. உதிராது, சுருட்டிக்கொள்ளலாம். அன்று முதல் அதுவே விண்வெளி ரொட்டி.

உறங்கும்போது பையில் நுழைந்து சுவரோடு கட்டிக்கொள்கிறார்கள். கை இரண்டும் முன்னால் மிதந்து நிற்கும். காற்று தானாக மேலெழாததால், விட்ட மூச்சு முகத்தருகிலேயே தேங்கிவிடும். அதனால் விசிறி ஓட வேண்டும். ஒரு நாளில் பதினாறு முறை சூரியன் உதிக்கிறது. அழுதால் கண்ணீர் வழியாது, கண்ணிலேயே உருண்டையாகத் திரண்டு எரியும். கன்னத்தில் கண்ணீர் ஓடுவதற்கும் பூமித்தாயின் இழுப்பு வேண்டியிருக்கிறது.

நம்மவர்கள்

1984 ஏப்ரல் 3 அன்று ராகேஷ் சர்மா சல்யூட் 7 நிலையத்துக்குப் புறப்பட்டார். பிரதமர் இந்திரா காந்தி கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதிலை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் அவர் அங்கே யோகாசனம் செய்து, அது எடையின்மையின் தொல்லையைக் குறைக்கிறதா என்று சோதித்ததைப் பலர் அறியார். தரையே இல்லாத இடத்தில் ஆசனம்! மைசூரிலுள்ள பாதுகாப்புத் துறை உணவு ஆய்வகம் செய்துகொடுத்த ரவா கேசரி, உருளைக்கிழங்குச் சென்னா, காய்கறிப் புலாவ் அவரோடு சென்றன. வடநாட்டில் சூஜி அல்வா என்பது நம் ரவா கேசரிதானே.

பழைய விமான நிலையச் சாலை வழியாக நாம் அலுவலகம் போய் வருகிறோம். அங்கே 1957இல் தொடங்கிய விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ககன்யான் திட்டத்துக்கான வீரர்களைச் சலித்தெடுத்தது அங்கேதான். 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட நால்வரில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அத்திட்டத்துக்காக மைசூர் ஆய்வகம் 2020இல் காட்டிய உணவுப் பட்டியலில் இட்லியும் இருந்தது. இட்லி விண்ணேறும் நாளை நம் சங்கம் கொண்டாடாமல் இருக்குமா!

அந்த நால்வரில் ஒருவரான சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 25 அன்று புறப்பட்டு, பன்னாட்டு நிலையத்துக்குச் சென்ற முதல் இந்தியர் ஆனார். கேரட் அல்வாவும் பாசிப்பருப்பு அல்வாவும் மாம்பழச் சாறும் கொண்டுபோனார். எடையின்மையில் தசை ஏன் கரைகிறது என்னும் பெங்களூர் ஆய்வு நிறுவனத்தின் சோதனையையும், பாசிப்பயறும் வெந்தயமும் முளைவிடும் தார்வாட் சோதனையையும் அவர் செய்தார். ஜூலை 15 அன்று திரும்பியபின், மடிக்கணினியை மிதக்கும் என்ற நினைப்பில் படுக்கையோரம் விட்டுவிட்டதையும், அது கீழே விழுந்ததையும் செய்தியாளர்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். மூன்று வாரத்தில் உடல் பூமியை எப்படி மறந்துபோகிறது பாருங்கள்!

நமக்கு என்ன?

'இதெல்லாம் நமக்கெதுக்கு சார்?' என்று கேட்கலாம். எடையின்மையை ஆராய மருத்துவர்கள் தரையில் செய்யும் சோதனை எது தெரியுமா? நல்ல ஆரோக்கியமான ஆட்களைத் தலைப்பக்கம் ஆறு பாகை தாழ்ந்த கட்டிலில் வாரக்கணக்கில் படுக்க வைப்பதுதான். அவர்களுக்கும் எலும்பு கரைகிறது, தசை மெலிகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது. அப்படியானால் நம் வீடுகளில் அறுவை சிகிச்சைக்குப்பின் படுத்திருக்கும் அப்பா, ஊரைவிட்டு வந்து ஐந்தாம் மாடி ஃபிளாட்டில் நாற்காலியைவிட்டு எழாத அம்மா, இவர்களும் ஒருவகையில் அந்த வீரர்கள் நிலையில்தான் இருக்கிறார்கள். மொழி தெரியாத ஊர், பூங்காவுக்குத் தனியே போகப் பயம், யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்ற எண்ணம் மூன்றும் சேர்ந்து அவர்களை உட்கார வைத்துவிடுகின்றன. விண்வெளியில் நாற்பது வயது வீரருக்கே தினம் இரண்டு மணி நேரப் பயிற்சி வேண்டுமானால், எழுபது வயதுக்காரருக்கு மருத்துவர் அனுமதிக்கும் அளவில் அரை மணி நடையாவது வேண்டாமா?

இன்னொன்று கேட்பது. "தலை சுத்துதா? தண்ணி குடிச்சீங்களா? ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க?" என்று வீரரை மருத்துவர் தினமும் கேட்கிறார், வீரரும் கூசாமல் சொல்கிறார். அந்தக் கேள்வியையும் பதிலையும் பழக்கமாக்க ஷெப்பர்டின் நனைந்த உடை முதல் போக் மறைக்கப் பார்த்த பை வரை எத்தனையோ நடக்க வேண்டியிருந்தது. நம் வீடுகளில் அதற்கு ஒரு டம்ளர் தண்ணீரும், பக்கத்தில் உட்கார ஐந்து நிமிடமும் போதும். பதினான்கு வேகங்களை அடக்காதே என்று எழுதிவைத்த மரபில் வந்தவர்கள் நாம். பெரியவர்கள் அவற்றைச் சொல்லவும் அடக்கிக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்வது நம் கடமை.